கட்டடமும் கோப்பும்

நுழையும்முன்

நாள்தோறும் ஒரு கட்டடத்தினுள் நுழைகிறவர், அதன் உறுதியைச் சோதித்தவர் யார், சோதித்த நாள் எது என்று கேட்பதில்லை. அக்கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்டே இருக்கிறது. அவ்விடை எங்கே இருக்கிறது, அதை எவ்வாறு கேட்டுப் பெறுவது, பெற்றபின் எவ்வாறு படிப்பது என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

சுவரில் எழுதிய கணக்கு

திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணத்திற்குத் தென்கிழக்கே, காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த பேரூர் குடவாசல். சங்க இலக்கியம் இவ்வூரைக் குடவாயில் என்று குறிக்கிறது. அகநானூற்றுப் புலவருள் ஒருவரான குடவாயிற் கீரத்தனாரின் பெயரில் இவ்வூர் வாழ்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறைவைக்கப்பட்ட இடம் குடவாயிற் கோட்டம் என்கிறது புறநானூற்றின் பழைய குறிப்பு. அச்செங்கணானே கட்டினான் என்று மரபு கூறும் மாடக்கோயில்களுள் ஒன்று குடவாசல் கோணேசுவரர் கோயில். யானை ஏற முடியாதபடி உயர்ந்த மேடைமீது எழுப்பப்பட்டவை மாடக்கோயில்கள் என்பர்.

சோழநாட்டுப் பழங்கோயில்களைச் சுற்றி வருகிறவர் ஒன்றைக் கவனிக்கலாம். அங்கே கட்டடமே ஆவணக் காப்பகமாக இருக்கிறது. நிலம் கொடுத்தவர் யார், அதன் எல்லைகள் எவை, விளக்கெரிக்க விட்ட ஆடுகள் எத்தனை, அவற்றைப் பேணும் பொறுப்பை ஏற்றவர் யார் என்பன எல்லாம் சுவரிலும் அதிட்டானத்திலும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பதுடன் அக்காலத்தார் நிறைவடையவில்லை. ஊரார் நடந்துசெல்லும் வழியில், கண்ணில் படும் உயரத்தில், கணக்கைப் பொறித்து வைத்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விரிவாகக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயரிடத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இன்றைய கட்டடங்களுக்கும் கணக்கு உண்டு. ஆயின் அது சுவரில் இல்லை. அலுவலக அலமாரியில், நாடா கட்டிய கோப்பினுள் இருக்கிறது. கேட்காதவருக்கு அது தெரிவதில்லை.

தாங்கும் மண்ணும் தாங்காத கூரையும்

காவிரிப்படுகையில் கட்டடம் கட்டுவது எளிய செயலன்று. நெல்லுக்கு வாய்ப்பான களிமண், அடித்தளத்திற்குத் தொல்லை தருவது. நீர் கண்டால் அது உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். ஆண்டுதோறும் நிகழும் இந்த அசைவைத் தாங்கும்படி அடித்தளம் அமையாவிட்டால் சுவரில் மூலைவிட்டமாக வெடிப்பு ஓடும். அதன்பின் ஐப்பசி, கார்த்திகை மழை வந்து சேரும். கூரைக் கற்காரையில் நீர் கசிந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துத் தன்னைச் சூழ்ந்த காரையைப் பெயர்த்துத் தள்ளும். 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல், படுகை மாவட்டங்களில் எத்தனை கூரைகள் காற்றைத் தாங்கும் நிலையில் இல்லை என்பதை ஓரிரவில் காட்டிச் சென்றது.

ஆகவே பலர் கூடும் கட்டடத்தைக் கட்டும்முன் வரைபடத்தைச் சோதிப்பதும், கட்டியபின் உறுதியைச் சோதிப்பதும், பின்னர்க் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் சோதிப்பதும் தேவையாகின்றன. இச்சோதனைகள் ஒவ்வொன்றும் ஒரு தாளைப் பிறப்பிக்கின்றன. உள்ளாட்சி அமைப்பு தரும் கட்டட அனுமதியும் அதனுடன் ஒப்புதல் பெற்ற வரைபடமும் முதலில் வருவன. தகுதிபெற்ற பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை பின்னர் வருவன. பள்ளி போன்ற பொதுக் கட்டடங்களுக்கு, 1965ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்படி வட்டாட்சியர் வழங்கும் உரிமமும் வேண்டும். இவற்றுள் பல, குறிப்பிட்ட காலம்வரை மட்டுமே செல்லுபடியாகும். காலம் முடிந்தால் கட்டடத்தை மீண்டும் நேரில் பார்த்தே புதுப்பிக்க வேண்டும். பார்க்காமலே புதுப்பித்தால் தாள் இருக்கும். அதில் சொல்லப்பட்ட உறுதி இராது.

கும்பகோணம், 2004

குடவாசலிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடக்கூடிய கும்பகோணத்தில், காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக் கட்டடம் இருந்தது. ஒரே வளாகத்தினுள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இயங்கின. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. சத்துணவு சமைக்கும் இடத்தில் முற்பகலில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் தொடக்கப்பள்ளிச் சிறுவர் அமர்ந்திருந்த வகுப்புகளின்மீதும் கீற்றே வேயப்பட்டிருந்தது. இறங்கும் வழி குறுகியது. எரியும் கூரை, கீழே இருந்தவர்மேல் சரிந்தது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர்.

அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணையிட்டது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 21 பேர் யார் என்று பார்த்தால் இப்பாடத்தின் பொருள் விளங்கும். பள்ளியை நடத்தியோர் மட்டும் அல்லர். கல்வித்துறை அலுவலர்கள், நகராட்சி அலுவலர்கள், கட்டடத்திற்கு உறுதிச் சான்று தந்த பொறியாளர் ஆகியோரும் அப்பட்டியலில் இருந்தனர். தீயைப் பற்றவைத்தவரைத் தேடும் வழக்காக மட்டும் அது அமையவில்லை. கட்டடத்தைப் பார்க்க வேண்டியவர் பார்த்தனரா, பார்த்ததை உள்ளபடி எழுதினரா என்பதும் வழக்காயிற்று. தஞ்சாவூர் நீதிமன்றம் 2014 ஜூலை 30 அன்று 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து 11 பேரை விடுவித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் அத்தீர்ப்பின் சில பகுதிகளை மாற்றியது. பெற்றோர் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று அத்தெருவில் கூடி விளக்கேற்றுகின்றனர்.

இந்நிகழ்வையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வழங்கியது. பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வி பெறும் உரிமையின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி கட்டடம் அமைந்துள்ளதா என்று பார்த்த பிறகே ஏற்பு வழங்க வேண்டும் எனவும் பணித்தது. ஆயினும் சுவர்கள் தீர்ப்பைப் படிப்பதில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் இறந்தனர். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் சோதிக்கப்பட்டு, பழுதுற்றவை இடிக்கப்பட்டன. சோதனை என்பது விபத்துக்குப்பின் ஒரு மாதம் நடந்து ஓய்வதாக இருக்கக் கூடாது என்றால், விபத்து நேராத ஆண்டுகளிலும் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு சட்டம் இருக்கிறது.

கேட்கும் உரிமை

கும்பகோணத்துப் பெற்றோருக்கு 2004இல் அச்சட்டம் இல்லை. தமிழ்நாடு 1997இலேயே தகவல் பெறும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றி மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியாயிற்று. எனினும் அதில் உரிமையைக் காட்டிலும் விலக்குகளே மிகுந்திருந்தன. நாடு முழுமைக்குமான வலுவான சட்டத்திற்கு வித்திட்டவர்கள் இராசத்தான் மாநிலத்துச் சிற்றூர்க் கூலித்தொழிலாளர்கள். பஞ்ச நிவாரணப் பணிகளில் தங்கள் பெயரில் எழுதப்பட்ட கூலி தங்கள் கைக்கு வரவில்லை என்பதை உணர்ந்த அவர்கள், வருகைப் பதிவேட்டின் படியைக் கேட்டனர். அரசு இரகசியம் என்று மறுக்கப்பட்டது. தொழிலாளர், உழவர் ஆற்றல் சங்கம் 1994 டிசம்பரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பதிவேட்டை ஊரார் முன் உரக்கப் படித்தபோது, இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது போன்ற பொய்கள் இத்தகைய கூட்டங்களில் வெளிவந்தன. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போராட்டம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் ஒரு தாளைக் காட்டும்படி கேட்டு வெயிலில் அமர்ந்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின்படி தகவல் என்பது பதிவேடு, கோப்புக் குறிப்பு, ஆணை, அறிக்கை, ஒப்பந்தம், மாதிரி முதலிய அனைத்தையும் குறிக்கும். அவற்றின் சான்றிட்ட படியைப் பெறலாம். அலுவலகத்திற்கே சென்று கோப்பைப் பிரித்துப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். நடைபெறும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய கட்டுமானப் பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறவும்கூட இதில் இடமுண்டு. பலரும் அறியாத பகுதி இது.

'குடிமக்கள் அனைவரும்' என்றே சட்டம் கூறுகிறது; வயது வரம்பு எதையும் குறிக்கவில்லை. பதினோராம் வகுப்பு மாணவரும் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர் என்று வினவும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால் அதை எழுத்தில் வடிக்க உதவுவது அலுவலரின் கடமை.

எவ்வாறு கேட்பது?

இச்சட்டத்தின்கீழ் எழுதப்படும் விண்ணப்பங்கள் பல, கேட்டவருக்குப் பயன்படாமல் போகின்றன. அதற்குப் பெரும்பாலும் கேட்ட முறையே காரணம். 'சமுதாயக் கூடம் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது?' என்று எழுதினால் விடை வராது. ஏன் என்பதற்கான விடை எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. இருக்கும் ஆவணத்தைத் தருவதே அலுவலரின் கடமை; இல்லாத ஒன்றைப் புதிதாக ஆக்கித் தருவதும் கருத்துரைப்பதும் அவர் கடமை அல்ல. சினம் விண்ணப்பத்தை நீளமாக்கும், வலுவாக்காது. எந்தக் கட்டடம், எந்த ஆவணம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்னும் மூன்றும் தெளிவாக இருந்தால் போதும்.

பேரூராட்சியில் உள்ள கட்டடத்தைப் பற்றிப் பேரூராட்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். பள்ளிக் கட்டட உரிமம் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். தவறான அலுவலகத்திற்கு எழுதிவிட்டாலும் கவலையில்லை. ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்திற்கு அதை மாற்றி அனுப்ப வேண்டும் என்பது விதி. கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்தில் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணம் இல்லை. மாதிரி விண்ணப்பம் ஒன்று கீழே தரப்படுகிறது.

அனுப்புநர்
அ. அ. அ.,
(முழு முகவரி),
குடவாசல்.

பெறுநர்
பொதுத் தகவல் அலுவலர்,
பேரூராட்சி அலுவலகம்,
குடவாசல், திருவாரூர் மாவட்டம்.

ஐயா / அம்மையீர்,

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன்கீழ்த் தகவல் வேண்டுதல் – சார்பு.

(தெருவின் பெயர்) தெருவில் உள்ள பேரூராட்சிச் சமுதாயக் கூடம் தொடர்பாகக் கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட படிகளை வழங்குமாறு வேண்டுகிறேன்.

1. கட்டடத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடமும் அனுமதி ஆணையும்.
2. கடைசியாக வழங்கப்பட்ட கட்டட உறுதிச் சான்று.
3. கடந்த ஐந்து ஆண்டுகளில் இக்கட்டடத்தைப் பார்வையிட்ட அலுவலர்கள் அல்லது பொறியாளர்கள் அளித்த ஆய்வறிக்கைகள் அனைத்தும்.
4. அவ்வறிக்கைகளின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த கோப்புக் குறிப்புகள்.

மேற்கண்ட கோப்பினை நேரில் பார்வையிடவும் விரும்புகிறேன். அதற்குரிய நாளையும் நேரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டப்பட்டுள்ளது. நான் இந்தியக் குடிமகன் / குடிமகள்.

இடம்: குடவாசல்
நாள்:
இப்படிக்கு,
(கையொப்பம்)

நான்காவது வரியே இவ்விண்ணப்பத்தின் உயிர்நாடி. ஆய்வறிக்கையில் 'கூரை பழுது' என்று ஒருவர் எழுதியிருக்கலாம். அத்தாள் அடுத்த மேசைக்குப் போனதா, போனபின் என்ன ஆயிற்று என்பதைக் கோப்புக் குறிப்புதான் சொல்லும்.

விண்ணப்பம் பெற்ற முப்பது நாளுக்குள் தகவல் தர வேண்டும். ஒருவருடைய உயிர் அல்லது விடுதலை தொடர்பான தகவலாயின் நாற்பத்தெட்டு மணி நேரமே கெடு. தனியார் ஒருவர் கொடுத்து வைத்த ஆவணமாயின் அவருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் கருத்தையும் கேட்க வேண்டியிருப்பதால் நாற்பது நாள் ஆகலாம். அண்டை வீட்டாரின் படுக்கையறை எங்கே அமைந்துள்ளது என்று அறிவதற்காக வந்ததன்று இச்சட்டம். ஆயிரம் பேர் கூடும் திருமண மண்டபத்தின் வெளியேறும் வழி எத்தனை என்பது வேறு. அவ்வேறுபாட்டை அலுவலர் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும். உரிய நாளுக்குள் விடை வராவிட்டால், அதன்பின் தகவலைக் கட்டணமின்றித் தர வேண்டும். விடை வரவில்லை என்றாலோ நிறைவு தரவில்லை என்றாலோ முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம். தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம்.

தாளைப் படித்தல்

அஞ்சலில் ஓர் உறை வருகிறது என்று கொள்வோம். அதைப் படிப்பதும் ஒரு பயிற்சியே. முதலில் நாட்களைப் பார்க்க வேண்டும். பார்வையிட்ட நாளும் சான்று வழங்கிய நாளும் எவை? சான்றில் பார்வையிட்ட நாளே குறிக்கப்படவில்லை எனில் அதுவும் ஒரு செய்திதான். அடுத்து, செல்லுபடியாகும் காலம் முடிந்துவிட்டதா என்று காண வேண்டும். பிறகு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடத்தின் முன் நிற்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு தளம். கண்ணெதிரே மூன்று தளம் இருக்கிறதா? வரைபடத்தில் இரண்டு படிக்கட்டு. அவற்றுள் ஒன்று பழைய மேசை நாற்காலி போடும் இடமாகிவிட்டதா? கற்காரைக் கூரை என்று எழுதியிருக்க, மேலே தகரமோ கீற்றோ தெரிகிறதா? இதற்குப் பொறியியல் அறிவு வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். காசிராமன் தெருவில் மாடியில் கீற்று வேயப்பட்டிருந்ததைத் தெருவில் நின்று யாரும் பார்த்திருக்கலாம். தாளையும் கூரையையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருவருக்கும் அமையவில்லை.

சில நேரங்களில் உறையினுள் ஒரே ஒரு வரி இருக்கும்: 'தாங்கள் கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை.' இதைக் கண்டு மனம் சோர்ந்து கிழித்தெறிவோர் உண்டு. உண்மையில் கிடைத்தவற்றுள் மதிப்பு மிக்க தாள் இதுவாகவே இருக்கலாம். மக்கள் கூடும் ஒரு கட்டடத்திற்கு உறுதிச் சான்று இல்லை என்று, அதைப் பேண வேண்டிய அலுவலகமே கையொப்பமிட்டு எழுதித் தந்திருக்கிறது. அதை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு மனு அளிக்கலாம். பள்ளி எனில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். பேரூராட்சி எனில் வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்தில் எழுப்பலாம்.

அலுவலகங்களின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆவணம் கிடைக்காததற்கெல்லாம் மறைக்கும் எண்ணமே காரணம் என்று கொள்வது பிழை. இடமாற்றத்தில் கைமாறிய கோப்பு, மழையில் நனைந்த பதிவறை, இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்யும் நிலை ஆகியவை படுகையின் சிற்றூர் அலுவலகங்களில் கண்கூடு. யாராவது கேட்பார் என்னும் எதிர்பார்ப்பே பல இடங்களில் கோப்பை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. கேட்காமலே வெளியிட வேண்டிய செய்திகளின் நீண்ட பட்டியல் சட்டத்தின் நான்காம் பிரிவில் இருக்கிறது. அப்பிரிவு முறையாகப் பின்பற்றப்பட்டால், கட்டடத்தின் சான்றும் ஆய்வு நாளும் அதன் வாயிலிலேயே ஒட்டப்பட்டிருக்கலாம். சோழர்காலத்துக் கோயிற் சுவரில் விளக்கின் கணக்கு இருந்ததைப்போல, வகுப்பறைக்குச் செல்லும் படிக்கட்டின் அருகில் அக்கூரை எப்போது, யாரால் சோதிக்கப்பட்டது என்பது எழுதியிருக்கும். அதுவரை பத்து ரூபாய் வில்லை ஒட்டத்தான் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மக்கள் கூடும் கட்டடம் ஒன்றைத் தெரிவு செய்து, அதன் வாயில்கள், படிக்கட்டுகள், கூரை வகை, தீயணைப்புக் கருவிகள் ஆகியவற்றை எண்ணிக் குறிப்பெடுக்க.

2. அக்கட்டடத்தின் எந்த ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பதை வகுப்பில் கலந்துரையாடி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் ஒன்று எழுதுக.